ஒரு காபி விலையில் ஊரையே பார்க்கலாம்! சென்னையில் 'வேடிக்கை' பார்க்க 7 இடங்கள்

"வேடிக்கை பார்க்காம வேலையைப் பாரு!"

வீட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ, ஆபீஸிலோ இந்தத் திட்டை வாங்காதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது. என்னவோ வேடிக்கை பார்ப்பது பெரிய குற்றம் மாதிரி. ஆனால், யோசித்துப் பாருங்கள். நம் தாத்தாக்கள் இதற்காகவே வீட்டு வாசலில் ஓர் இடம் கட்டி வைத்திருந்தார்கள். அதுதான் திண்ணை. சாயங்காலம் ஆனால் வெற்றிலைப் பெட்டியோடு அதில் உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிற ஆட்களைப் பார்ப்பதும், நின்று இரண்டு வார்த்தை பேசுவதும்தான் அன்றைய பொழுதுபோக்கு.

அபார்ட்மென்ட் வீடுகளில் திண்ணை கிடையாது. பால்கனியில் நின்றால் எதிர் பிளாக்கின் துணி உலர்த்தும் கொடிதான் தெரியும். அதனால் மனிதர்களைப் பார்க்கும் ஆசை இப்போது டீக்கடை பெஞ்சுக்கும், ஹோட்டல் டேபிளுக்கும், கடற்கரை மணலுக்கும் இடம் மாறிவிட்டது. கையில் ஒரு டம்ளர் காபியோ, ஒரு பொட்டலம் சுண்டலோ இருந்தால் போதும். அதுதான் அந்த இடத்துக்கு நாம் கொடுக்கும் வாடகை!

சென்னையில் அப்படி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, காலை முதல் இரவு வரை ஏழு இடங்களை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். தேர்வுக்கு மூன்றே விதிகள்தான். பலதரப்பட்ட மக்களும் வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுச் செலவு பட்ஜெட்டுக்குள் அடங்க வேண்டும். முடிந்தவரை 'எழுந்திரு' என்று யாரும் விரட்டக் கூடாது.

1. காலை 6.30 – மயிலாப்பூர் மாட வீதிகள்

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் காலை நேரம் ஒரு தனி உலகம். கோயிலுக்குப் போகிறவர்கள், குளத்தைச் சுற்றி வாக்கிங் வருகிறவர்கள், பூக்கூடையை இறக்கிவைக்கும் பெண்கள், பேரம் பேசும் மாமிகள், ஆட்டோவில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே தெருவில்தான்.

இங்கே 'ஜன்னல் கடை' பிரபலம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் ஜன்னல்தான் கடை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தட்டு நீளும். வாங்கியவர்கள் தெருவில் நின்றே சாப்பிடுவார்கள். காலையில் இட்லி, பொங்கல். சாயங்காலம் பஜ்ஜி, போண்டா. டேபிள், நாற்காலி எதுவும் இல்லாததால் காரில் வந்தவரும் சைக்கிளில் வந்தவரும் தோளோடு தோள் நின்றுதான் சாப்பிட்டாக வேண்டும். வேடிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெயில் ஏறிவிட்டால் மாட வீதியிலேயே காளத்தி கடை ரோஸ்மில்க் இருக்கிறது. பேப்பர் விற்ற கடை, ரோஸ்மில்க்கால் பெயர் பெற்றுவிட்டது. 1927-ல் தொடங்கியது.

பங்குனி அறுபத்துமூவர் திருவிழா அன்று வந்தால் இன்னும் விசேஷம். வீதி முழுக்க நீர்மோரும் பானகமும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு வாடகைகூடக் கிடையாது!

2. காலை 10 மணி – திருவல்லிக்கேணி

சாம்பார் இட்லி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948-ல் இதைத் தொடங்கியவர் வடஇந்தியாவிலிருந்து இங்கே வந்து குடியேறியவர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. தட்டில் இட்லி மூழ்கும் அளவுக்கு சாம்பார் ஊற்றுவார்கள். தீர்ந்தால் மறுபடியும் ஊற்றுவார்கள்.

கூட்ட நேரத்தில் தனி டேபிள் எதிர்பார்க்காதீர்கள். முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே டேபிளில் உட்கார வேண்டியிருக்கும். எதிரில் ஒருவர் போட்டித் தேர்வு கைடைப் புரட்டிக்கொண்டே சாப்பிடுவார். பக்கத்தில் ஒருவர் போனில் ஊரிலிருக்கும் அம்மாவிடம் "சாப்பிட்டேன்மா, இட்லிதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். வேலை தேடியும், படிக்கவும் சென்னைக்கு வருகிறவர்களுக்குப் பல தலைமுறைகளாக முதல் முகவரி திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்தான். அந்த அறைகளில் சமையல் வசதி இருக்காது. ஆகவே அவர்களுக்குச் சாப்பாட்டு அறையே தெருவிலுள்ள மெஸ்களும் ஹோட்டல்களும்தான். நாம் வேடிக்கை பார்க்கப் போகும் இடம், அவர்களுக்கு வீட்டு டைனிங் டேபிள்!

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல் மேட்ச் இருக்கும் நாளில் மதியத்துக்கு மேல் வந்தால், மஞ்சள் ஜெர்சிகளின் ஊர்வலத்தையே பார்க்கலாம். ரம்ஜான் மாதத்தில் வந்தால் நோன்புக் கஞ்சியும், இரவு நெடுநேரம் திறந்திருக்கும் கடைகளும். பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பேட்டை இது. தெருவில் எல்லா முகங்களையும் பார்க்கலாம்.

3. மாலை 4.30 – பாண்டி பஜார்

ரங்கநாதன் தெருவில் வேடிக்கை பார்க்க முடியாது. அங்கே நாம் நின்றாலும் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போய்விடும். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் தியாகராய சாலைக்கு, அதாவது பாண்டி பஜாருக்கு வாருங்கள். 2019 நவம்பரில் இங்கே அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. உட்கார இருக்கைகளும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கரும்புச்சாறோ, மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவோ வாங்கிக்கொண்டு ஓர் இருக்கையைப் பிடியுங்கள். முதலில் கண்ணில் படுவது கணவர்கள் சங்கம். கை நிறைய கட்டைப்பைகளோடு, கடை வாசலையே பார்த்தபடி, "இன்னும் ஒரு கடைதான்" என்ற வாக்குறுதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள். அடுத்து, கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பங்கள். பெண்ணின் அத்தை ஒரு கலர் சொல்வார், சித்தி ஒரு கலர் சொல்வார், கல்யாணப்பெண் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, தன் காலையே பார்த்தபடி நடக்கும் குழந்தையைப் பார்த்தால் எந்தக் கவலையும் ஐந்து நிமிஷம் மறந்துபோகும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் கூட்டம் அலைமோதும். பர்ஸ், போன் பத்திரம்!

4. மாலை 5.30 – மெரினா

மெரினா இல்லாமல் இந்தப் பட்டியல் எப்படி முடியும்? தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல். மிளகாய் பஜ்ஜி. சுட்ட சோளம். இதில் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஆமாம், முதுகைத்தான். கடலை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கடலைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் மெரினாவின் உண்மையான காட்சி.

அண்ணா, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி நினைவிடங்களைப் பார்க்க வெளிமாவட்டங்களிலிருந்து பஸ்ஸிலும் வேனிலும் வருகிறவர்கள், அப்படியே மணலில் இறங்குவார்கள். அதில் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, முதல் அலை காலைத் தொட்டதும் சின்னப் பெண்ணைப்போல் கத்தும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்குப் பக்கத்திலேயே குதிரைச் சவாரிக்கு அழுகிற குழந்தை, பலூன் சுடும் கல்லூரி மாணவர்கள், கிளி ஜோசியரிடம் சீரியஸாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு புது ஜோடி.

இன்னொரு காட்சியையும் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மெரினாவின் மணல், பல காலமாகத் தாண்ட முடியாத ஒன்றாகவே இருந்தது. சாலையோரத்திலிருந்து தூரத்தில் தெரியும் நீலக் கோடுதான் அவர்களின் கடல். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைய, பின்னர் சீரமைத்தார்கள். அந்தப் பாதையின் முனையில் நின்று அலையைப் பார்க்கும் ஒருவரின் முகத்துக்கு எந்த விளக்கமும் தேவையில்லை.

கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே அலையின் இழுப்பு அதிகம். குளிப்பது ஆபத்து.

5. மாலை 6.30 – பாரிமுனை, பர்மா அத்தோ கடைகள்

பீச் ஸ்டேஷன் பக்கம், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலையானதும் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். ஆரஞ்சு நிறத்தில் தடியான நூடுல்ஸ். அதில் முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அதுதான் அத்தோ. கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

இது வெறும் ஸ்நாக்ஸ் இல்லை, ஒரு வரலாறு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பி வந்தன. கடையையும் சொத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் குடியேறினார்கள். அவர்களால் கொண்டுவர முடிந்தவற்றில் ஒன்று, நாக்கில் இருந்த இந்த ருசி.

இன்று அந்த வண்டிகளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த வழக்கறிஞர், கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பக்கத்தில் மூட்டை தூக்கி முடித்த தொழிலாளி. இன்னொரு பக்கம் பீச் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் வங்கி ஊழியர். சூப்பு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில்தான்.

உட்கார இடம் குறைவு. நின்றுதான் சாப்பிட வேண்டும். ஆனால், அரை மணி நேரம் நிற்பதற்குத் தகுந்த இடம்.

6. இரவு 8 மணி – சௌகார்பேட்டை, தங்கசாலைத் தெரு

கம்பெனி காலத்தில் நாணயம் அச்சடித்த இடம் என்பதால் தங்கசாலைத் தெரு. ஆங்கிலத்தில் மின்ட் ஸ்ட்ரீட். மார்வாடி, குஜராத்தி, தெலுங்கு, தமிழ் என்று பத்தடிக்கு ஒரு மொழி கேட்கும். சுடச்சுட ஜிலேபி, அகலமான இரும்புச் சட்டியில் கொதிக்கும் மசாலா பால், பானிபூரி, சாட். இங்கேயே பிரபலமான முறுக்கு சாண்ட்விச்சும் உண்டு. இரண்டு முறுக்குக்கு நடுவே சட்னி, வெள்ளரிக்காய், தக்காளி வைத்துத் தருவார்கள். வடக்கத்திச் சட்னியும் நம் ஊர் முறுக்கும் சேர்ந்த சம்பந்தம்!

மொத்த வியாபாரக் கடைகள் ஷட்டரை இறக்கியபிறகு, தெருவின் வேகம் மாறும். பகலெல்லாம் கணக்குப் பார்த்த முதலாளிகள், குடும்பத்தோடு ஜிலேபிக்கு நிற்பார்கள். தலையில் முக்காடு போட்ட பாட்டி, பேரனின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்தபடியே பால் குடிப்பார். நடுத்தெருவில் ஒரு மாடு, தனக்கும் ஏதாவது கிடைக்குமா என்று ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டு போகும். யாரும் அதை விரட்டுவதில்லை.

காரில் வராதீர்கள். தெரு அதைத் தாங்காது. மெட்ரோவிலோ பஸ்ஸிலோ வந்து நடப்பது உத்தமம்.

7. இரவு 9 மணி – எழும்பூர் ரயில் நிலையம்

கடைசியாக, கண்ணில் லேசாக ஈரம் கசியவைக்கும் இடம். 1908-ல் திறக்கப்பட்ட இந்தச் செங்கல் நிறக் கட்டடத்திலிருந்துதான் தென்மாவட்டங்களுக்கான இரவு ரயில்கள் பல புறப்படுகின்றன. 10 ரூபாய் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்தால் 2 மணி நேரம் செல்லும். ஒரு பேப்பர் கப் காபி வாங்கிக்கொள்ளுங்கள்.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பிள்ளை. மகள் வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் அம்மா. ஜன்னல் கம்பி வழியாக "போனதும் போன் போடு" என்று நாலாவது முறையாகச் சொல்லும் அப்பா. ரயில் நகர ஆரம்பித்ததும் கூடவே பத்தடி நடந்துவிட்டு, பிறகு சட்டென்று திரும்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். பார்க்கும் நமக்கு நம் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

இப்படி எல்லோரும் கலந்து உட்காரும் காட்சி, ரயில் நிலையங்களில் என்றைக்கும் இருந்ததில்லை. 1940-களின் தொடக்கம் வரை தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியாரும் அவரது இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்த பிறகே அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. இன்று நாம் சாதாரணமாக உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய சண்டை இருக்கிறது.

நிலையத்தில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால் நுழைவாயிலும் நடைமேடையும் மாறலாம். பண்டிகை நேரங்களில் பிளாட்பார்ம் டிக்கெட் விற்பனையை நிறுத்திவைப்பதும் உண்டு.

போனஸ்: மார்கழி சபா கேன்டீன்கள்

டிசம்பரில் சென்னைக்கு வந்தால் சபா கேன்டீன்களை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான சபாக்களில் கேன்டீனுக்குப் போகக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக வெளிநாட்டிலிருந்து வந்த மாமிகள், கையில் கச்சேரி அட்டவணையோடு ஓடும் ரசிகர்கள். உள்ளே தனி ஆவர்த்தனம் தொடங்கினால் வெளியே காபிக்குக் கியூ நீளும். எந்தச் சபாவில் பாட்டு நன்றாக இருந்தது என்பதைவிட, எந்தச் சபாவில் அடை அவியல் நன்றாக இருந்தது என்ற விவாதம்தான் சூடாக நடக்கும்.

யார் உட்காரலாம்?

இந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது ஒரு கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க எல்லோருக்கும் இடம் இருக்கிறதா?

அந்தக் காலத் திண்ணையை நாம் ஆசையாகப் பேசுகிறோம். ஆனால், அதிலும் எல்லோரும் உட்கார்ந்துவிட முடியாது. எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அந்த வீட்டுப் பெண்களே பல நேரம் கதவுக்குப் பின்னாலிருந்தும், ஜன்னல் வழியாகவும்தான் தெருவைப் பார்த்தார்கள்.

இன்றும் தெருமுனை டீக்கடையில் ஒரு பெண் தனியாக நின்று நிதானமாக ஒரு டீ குடித்தால், அவர் வேடிக்கை பார்க்க முடியாது. ஊர் அவரை வேடிக்கை பார்க்கும். முப்பது வருடங்களாகச் சென்னையில் இருக்கும் என் அம்மா இதுவரை ஒருமுறைகூடத் தனியாக டீக்கடையில் டீ குடித்ததில்லை. "எதுக்கு? வீட்டுலதான் போட்டுக் குடிச்சுட்டு வர்றோமே" என்பார். என் வயதுத் தோழிகள் குடிக்கிறார்கள். ஆனாலும் இரண்டு, மூன்று பேராகத்தான் போகிறார்கள்.

நான் கவனித்தவரை, ஒரு பெண் ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியுமா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அங்கே வேறு பெண்களும் இருக்கிறார்களா, வெளிச்சம் இருக்கிறதா, பக்கத்தில் சுத்தமான கழிவறை இருக்கிறதா? மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. ஆனால், பல பெண்கள் வெளியே வந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே பிரச்னைதான். இந்த ஏழு இடங்களில் மயிலாப்பூர், பாண்டி பஜார், மெரினா, எழும்பூர் நிலையம் ஆகியவற்றில் பெண்கள் தனியாக வந்து உட்கார்வது சகஜம். பாரிமுனைக்கும் சௌகார்பேட்டைக்கும் இரவில் துணையோடு போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இன்னொன்று, நேரம். கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1962 முதல் 2008 வரை இருந்த ஹோட்டல் அது. மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்த கதைகளைச் சொல்வார்கள். அது மூடப்பட்ட இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்காவும் நல்லதுதான். ஆனால், ஒரு காபிக்கு ஒரு சாயங்காலத்தையே கொடுத்த இடம் போனது போனதுதான். இப்போது அப்படி உட்கார ஏ.சி காபி ஷாப்களுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு காபி விலையில் டீக்கடையில் பத்து டீக்கு மேல் குடிக்கலாம். நடைபாதையில் உட்காரலாம் என்றால், பல கடைகளின் வாசல் திண்டில் யாரும் உட்காராதபடி கம்பி பதித்திருக்கிறார்கள்.

இருபது ரூபாய் மட்டும் கையில் இருப்பவருக்கும் உட்கார்ந்து ஊரைப் பார்க்க ஓர் இடம் வேண்டும். நகரம் எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்வதற்கு அதுதான் குறைந்தபட்சச் சான்று. பாண்டி பஜார் இருக்கையும், மெரினா மரப்பாதையும் அதனால்தான் முக்கியம்.

வேடிக்கைக்கும் உண்டு மரியாதை!

* வேடிக்கை பார்ப்பது வேறு, முறைத்துப் பார்ப்பது வேறு. எதிரில் இருப்பவர் நெளிந்தால், பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

* போனை எடுக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் அழுவதையும், சாப்பிடுவதையும், சண்டை போடுவதையும் வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவது வேடிக்கை இல்லை, அத்துமீறல். பார்த்தது உங்கள் கண்ணோடு இருக்கட்டும்.

* கூட்ட நேரத்தில் சின்ன ஹோட்டல்களில் ஒரு காபியோடு ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். டேபிள் காலியானால்தான் அவர்களுக்கு வியாபாரம். கூட்டம் இல்லாத 11 மணிக்கோ, 4 மணிக்கோ போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

* சுண்டல் பொட்டலம், பேப்பர் கப் எல்லாம் குப்பைத்தொட்டிக்கே போக வேண்டும்.

* வீட்டில் வெளியே போகவே வாய்ப்பில்லாத ஒருவர் இருப்பார். பாட்டியாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'கோயிலுக்கு', 'கடைக்கு' என்று காரணம் எதுவும் சொல்லாமல், சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்றே கூப்பிடுங்கள்.

முதலில் "எனக்கு எதுக்கு?" என்பார்கள். பாண்டி பஜாரில் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில், "அந்தப் பச்சைப் புடவையைப் பாரு, பார்டர் எவ்வளவு அழகா இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கிளம்பலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்!